பெயரை இழக்காத பயணி

ஆடித் தபசு நாளில் சங்கரன்கோவில் வீதிகளில் நிற்கவும் இடம் இராது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் எனும் இரு நாகர்கள் வழக்கிட்டனர் என்பது எங்கள் ஊர்ப் புராணம். அவ்வழக்குத் தீர, இருவரையும் ஒரே வடிவில் காண வேண்டி ஒற்றைக்காலில் தவமிருந்தாள் கோமதி அம்மை. அவள் தவத்துக்கு இரங்கி இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்தார். அக்காட்சியைக் காணத் திரண்ட கூட்டத்தில் ஒருவனாக நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கிறித்தவப் புலவரின் நினைவு எழும். கேட்பவர்களுக்கு இது விந்தையாக இருக்கலாம். ஆனால் அவருடைய தந்தையின் பெயரே சங்கரநாராயண பிள்ளை.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827 ஏப்ரல் 23 அன்று திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவ நெறி ஒழுகிய வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தாயார் தெய்வநாயகி அம்மையார். தந்தை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். பிள்ளைக்கு எழுத்தறிவோடு கம்பனின் ஓசையும் வீட்டிலேயே கிடைத்தது. பின்னாளில் இவருடைய வாழ்வில் எத்தனையோ மாறின. அந்த ஓசை மட்டும் மாறவில்லை.

1853-இல் சாயர்புரத்தில் இருந்த கிறித்தவத் திருச்சபைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். நெற்றியில் திருமண் அணிந்த ஆசிரியர், விவிலியம் ஓதும் மாணவர்களுக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்த காட்சியை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. வேலைக்காக அவர் சமயத்தை விட்டுவிடவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தம் நெறியிலேயே நின்றார். அவருடைய மனமாற்றத்தை ஊதியத்தோடு இணைத்துப் பேசுவோர் இந்த ஐந்தாண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்பே கிறித்தவரானார். நண்பர்களுடன் நீண்ட உரையாடல்கள் நடந்தன, நூல்களைப் படித்தார், தமக்குள்ளேயே வாதிட்டார். இறுதியில் 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார்.  அக்காலத்தில் ஒரு வேளாளர் வீட்டு மகன் கிறித்தவராவது ஞாயிற்றுக்கிழமை செல்லும் இடத்தை மாற்றிக்கொள்வதோடு முடிந்துவிடாது. பந்தியில் இடம், உறவில் உரிமை, மணவினைகளில் மதிப்பு என அனைத்தும் கேள்விக்குள்ளாகும். தான் யாருக்கு உரியவன் என்னும் வினாவுக்கு அதுவரை குலமும் ஊரும் சொல்லி வந்த விடையை அவர் தாமே புதிதாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் சொன்ன விடை, தாம் கிறிஸ்துவுக்கு உரியவர் என்பது. திருமுழுக்கின்போது ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்கள் வந்து சேர்ந்தன. அவை இரண்டும் எச்.ஏ. என்ற தலைப்பெழுத்துகளாகச் சுருங்கி முன்னே நிற்க, பெற்றோர் இட்ட கிருஷ்ணன் என்னும் பெயர் நிலைத்தது. தமிழுலகம் இன்றும் அவரை அப்பெயராலேயே அறிகிறது. ஒன்றைச் சேர்வதற்கு மற்ற அனைத்தையும் எரித்துவிட வேண்டும் என்று கருதுவோருக்கும், எரித்துவிடுவார்கள் என்று அஞ்சுவோருக்கும் அந்தப் பெயரே போதுமான மறுமொழி.

சென்னையில் சிலகாலம் இதழ்ப் பணியில் இருந்தபின் சாயர்புரத்திலும், பின்னர் பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் தமிழ் கற்பித்தார். புறத்தே பார்த்தால் இடம் மாறிக்கொண்டே இருந்த ஓர் ஆசிரியரின் எளிய வாழ்க்கை அது. ஆனால் உள்ளே ஒரே ஒரு பணி வளர்ந்துகொண்டிருந்தது.

ஆங்கில நாட்டில் ஜான் பனியன் என்பவர் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கழித்தவர். அவர் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதை உலகெங்கும் பரவியது. முதுகில் பாரச் சுமையோடு ஒருவன் அழிவுக்குரிய தன் ஊரை விட்டு வான்நகர் நோக்கிப் புறப்படுகிறான். சேற்றில் விழுகிறான்; சிலுவையடியில் சுமை நீங்கப்பெறுகிறான்; எல்லாமே விலைக்குக் கிடைக்கும் மாயச் சந்தையை எதையும் வாங்காமல் கடக்கிறான்; இறுதியில் ஆற்றைக் கடந்து நகரை அடைகிறான். தான் யாருடையவன் என்று அறிந்தபின் எங்கே போக வேண்டும் என்பதில் அவனுக்கு ஐயம் எழுவதில்லை. கால் தடுமாறுகிறது, பாதையும் தவறுகிறது, ஆனால் போய்ச் சேர வேண்டிய நகர் மாறுவதில்லை.

இக்கதையைக் கிருஷ்ணபிள்ளை மொழிபெயர்த்திருக்கலாம். உரைநடையில் சில மாதங்களில் முடிந்திருக்கும். அவரோ அதைக் காப்பியமாக்கினார். ஐந்து பருவங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள். பனியன் விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளைத் தமிழ்க் காப்பிய மரபில் விரித்தார். இடையிடையே தேவாரப் பண்பில் அமைந்த இசைப்பாடல்களைக் கோத்தார். நற்போதகம் என்னும் மாத இதழில் ஆண்டுக்கணக்கில் தொடராக வந்த அந்நூல், இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெயரில் 1894-இல் முழுமையாக வெளியானது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு.

இத்தனை ஆண்டுகள் ஒரே நூலைத் தூக்கிச் சுமக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதே என் வினா. மன உறுதி என்று சொல்லிவிடலாம். ஆனால் உறுதி மட்டும் உள்ள மனிதர் களைத்துப்போவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். இலக்கை நாமே வகுத்துக்கொண்டால் அதை நாமே மாற்றிக்கொள்ளவும் முடியும். கிருஷ்ணபிள்ளைக்கு இலக்கு முதலில் வரவில்லை; உரிமை முதலில் வந்தது. தம்மைத் தமக்கு உரியவராக அவர் எண்ணவில்லை. ஆதலால் தம் புலமையைத் தம் புகழுக்குரிய முதலாகக் கொள்ளாமல் காணிக்கையாகக் கொண்டார். கவனம் அதன் பின்னே தானாக வந்தது.

தம் பழைய செல்வத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னை மேலும் நெகிழச் செய்கிறது. தந்தையிடம் கேட்ட கம்பனைப் புறம்தள்ளிவிட்டு வெறுங்கையோடு ஆலயத்துக்குள் நுழையவில்லை. கம்பனின் நடையையும் பக்தி மரபின் உருக்கத்தையும் கொண்டுபோய்த் தம் ஆண்டவரின் திருவடியில் வைத்தார். அதனால்தான் தமிழறிஞர்கள் அவரைக் கிறித்தவக் கம்பர் என்று அழைத்தனர். இரட்சணிய மனோகரம் என்னும் அவருடைய பக்திப் பனுவலைத் தேவாரத்தோடு ஒப்பிட்டுப் பேசுவோரும் உண்டு.

அவருடைய நெறிமாற்றத்தை எல்லாரும் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கோமதி அம்மையைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான், இன்றும் அவ்வாறே. தமக்குப் பின்னர் உரியதான நெறியே மெய்யென நாட்ட, இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் நூலையும் அவர் எழுதினார். அதன் முடிவுகளோடு என்னால் உடன்பட இயலாது. ஆயினும் சமயம் மாறியவன் மண்ணுக்கு அந்நியன் என்னும் பேச்சு உரத்து ஒலிக்கும் இக்காலத்தில், பொருநைக் கரையில் பிறந்த இவருடைய வாழ்வை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தமிழுக்கு அவர் அந்நியர் என்றால், உரியவர் யார்?

1900 பிப்ரவரி 3 அன்று கிருஷ்ணபிள்ளை காலமானார். தம் காப்பியத் தலைவன் கடந்த ஆற்றை அவரும் கடந்தார்.

அடுத்த ஆடியிலும் எங்கள் வீதிகள் நிறையும். தவக்கோலத்தில் எழுந்தருளும் அம்மையின் பார்வை கூட்டத்தின் மீது இராது. வரவிருக்கும் ஒருவர் மீதே இருக்கும். நானும் அங்கே நிற்பேன். கைபேசியை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டு, நூறு வேலைகளை மனத்தில் சுமந்துகொண்டு நிற்கும் என்னை நோக்கி, சங்கரநாராயண பிள்ளையின் மகன் அதே பழைய வினாவைக் கேட்பார்: நீ யாருக்கு உரியவன்? அவரிடம் அதற்கு விடை இருந்தது. எனக்கும் ஒன்று வேண்டும்.