1683-ல் ஒரு துணி வியாபாரி தன் பல்லிடுக்கில் பார்த்தது என்ன?

காலையில் பிரஷ் பண்ணித் துப்பும்போது வாஷ்பேசினில் லேசாக ரத்தம். கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சிட்டோம்போல என்று தண்ணீரைத் திறந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். பெரும்பாலும் அந்த ரத்தத்துக்குக் காரணம், பல்லில் ஒட்டி வாழும் கிருமிகள்தான். அவற்றை உலகத்தில் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தவர் பல் டாக்டர் இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணிக்கடை வைத்திருந்த ஆன்டனி வான் லீவன்ஹூக். நுண்ணுயிரியலின் தந்தை என்று பள்ளியில் படித்தோமே, அவரேதான்.

துணிக்கடையில் இருந்து லென்ஸுக்கு

1632 அக்டோபர் 24-ல் பிறந்தார். அப்பா கூடை முடைபவர். லீவன்ஹூக் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். 16 வயதில் தொழில் பழக ஆம்ஸ்டர்டாமுக்குப் போனார். 1654-ல் ஊர் திரும்பி, கல்யாணம் செய்து, சொந்தமாகத் துணிக்கடை போட்டார். பிறகு நகர நிர்வாகத்தில் ஒரு வேலையும் கிடைத்தது. வீட்டில் துயரம் அதிகம். 5 குழந்தைகளில் மரியா என்ற மகள் மட்டுமே பிழைத்தாள். மனைவி பார்பராவும் 1666-ல் இறந்துபோனார்.

துணியின் நூலைச் சோதிக்க அந்தக் காலத்து வியாபாரிகள் பூதக்கண்ணாடி பயன்படுத்துவார்கள். லென்ஸ் மோகம் அவருக்கு அங்கிருந்து வந்திருக்கலாம். மணி அளவுக்குச் சின்ன லென்ஸை அவரே செய்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்திவிடுவார். அதுதான் அவருடைய மைக்ரோஸ்கோப். இன்றுவரை மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

கல்லூரிப் படிப்பு கிடையாது. லத்தீனும் தெரியாது. பார்த்ததையெல்லாம் டச்சு மொழியில் எழுதி, லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துகின்றன என்று 1676-ல் அவர் எழுதியபோது, அங்கே பலரும் நம்பவில்லை. மறுவருடம் ராபர்ட் ஹூக் தானே பார்த்து உறுதி செய்த பிறகுதான் நம்பினார்கள். 1680-ல் அவரையே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

சுத்தமான வாயிலும் ஒரு கூட்டம்

1683 செப்டம்பர் 17 தேதியிட்ட கடிதத்தில் அவர் தன் வாயைப் பற்றியே எழுதினார். அப்போது அவருக்கு 50 வயது. தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்ப்பார். சாப்பிட்ட பிறகு பல்குச்சியால் குத்தி, துணியால் அழுத்தித் துடைப்பார். தன் ஈறில் ரத்தமே வராது என்று அவருக்குப் பெருமை உண்டு.

அப்படியும் பல்லிடுக்கில் மாவுபோல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி, மழைத்தண்ணீரில் கலந்து லென்ஸில் பார்த்தார். உள்ளே உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. சில அம்புபோலப் பாய்ந்தன, சில பம்பரமாகச் சுழன்றன. ஒரு நாட்டின் ஜனத்தொகையைவிடத் தன் வாயில் குடியிருப்பவை அதிகம் என்று கணக்குப் போட்டார்.

அடுத்து மற்றவர்களின் வாய். பெண்கள், ஒரு குழந்தை, வாழ்நாளில் பல்லே சுத்தம் செய்யாத ஒரு முதியவர் என்று பலரிடமும் மாதிரி எடுத்தார். முதியவரின் வாயில் இருந்த கூட்டத்தைப் பார்த்து அசந்துபோனார்.

அதோடு அவர் நிற்கவில்லை. காட்டமான வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தார். பல்லிடுக்கு அழுக்குக்குள் இருந்த உயிர்கள் சாகவில்லை. அதே அழுக்கை எடுத்து நேரடியாக வினிகரில் கலந்தபோது செத்தன. அதாவது, வினிகர் உள்ளே நுழையவே இல்லை.

340 வருடங்களுக்கு முந்தைய இந்தச் சோதனை இன்றைக்கும் பொருந்தும். அந்த வெள்ளை மாவுதான் பிளேக். கிருமிகள் ஒன்றாகச் சேர்ந்து, பசைபோன்ற படலம் கட்டிக்கொண்டு வாழும் குடியிருப்பு அது. மவுத்வாஷ் மேலோட்டமாகத்தான் தொடும். தேய்த்து எடுத்தால்தான் போகும்.

ரத்தம் சொல்லும் செய்தி

பிளேக்குக்கும் ஈறு நோய்க்கும் உள்ள தொடர்பை லீவன்ஹூக் நிரூபிக்கவில்லை. அது 1965-ல் டென்மார்க்கில் நடந்தது. ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஈறு சிவந்து, வீங்கி, ரத்தம் கசியும் முதல் கட்டம் ஜிஞ்சிவைடிஸ். இதில் இருந்து முழுசாக மீண்டு வர முடியும். கண்டுக்காமல் விட்டால் சிலருக்கு அடுத்த கட்டமான பெரியோடான்டைட்டிஸ் வரும். ஈறு பல்லை விட்டு விலகி, நடுவில் பை மாதிரி பள்ளம் விழும். அதற்குள் கிருமிகள் சேர, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால் இவற்றைக் கவனியுங்கள்: துலக்கும்போது ரத்தம், போகாத வாய் துர்நாற்றம், பல் நீளமாகத் தெரிவது, ஈறில் சீழ், பல் ஆடுவது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகத் தெரியும். அதை நம்பி ஏமாற வேண்டாம், அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சர்க்கரை நோய் ஈறு நோயை மோசமாக்கும். ஈறு நோயும் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும்.

என்ன சிகிச்சை?

பிளேக் இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷால் எடுக்க முடியாது. பல் மருத்துவர் ஸ்கேலிங் செய்து எடுப்பார். ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடிடும் என்று ஒரு பயம் நம்மிடம் உண்டு. உண்மையில் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும், காரை அதை மறைத்துப் பிடித்துவைத்திருக்கும். அவ்வளவுதான். நோய் ஆழமாகப் போயிருந்தால் ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்வார்கள். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

வராமல் தடுக்க, மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், தினமும் 2 வேளை, தலா 2 நிமிடம். ஈறு விளிம்பையும் சேர்த்து மெதுவாகத் துலக்குங்கள். ரத்தம் வருகிறதே என்று துலக்காமல் விட்டால் இன்னும் மோசமாகும். பல்லிடுக்குக்கு ஃபிளாஸ் அல்லது சின்ன இடுக்கு பிரஷ். லீவன்ஹூக்கின் உப்புத் தேய்ப்பை மட்டும் பின்பற்ற வேண்டாம், பல்லும் ஈறும் தேயும். ஒழுங்காகத் துலக்கியும் 2 வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரைப் பாருங்கள்.

லீவன்ஹூக் 1723 ஆகஸ்ட் 26-ல், 90-வது வயதில் இறந்தார். கடைசி நாட்கள் வரை கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். பல்லைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று பெருமைப்பட்ட மனிதர்தான், தன் பல்லிடுக்கையே சந்தேகப்பட்டுச் சுரண்டிப் பார்த்தார். நாளைக் காலையில் வாஷ்பேசினில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால், தண்ணீரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.