எண்ணெயும் ஆட்சியும்: டாக்டர் முஸத்திக்

ஈரானின் உயர்குடியொன்றில் 1882இல் பிறந்து, சுவிட்சர்லாந்தில் சட்டம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர் முஹம்மது முஸத்திக். நிதியமைச்சராக இருந்து கருவூலத்தின் வறுமையை நேரில் கண்டவர்.

ஆபாதான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அந்நாளில் உலகிலேயே பெரியது. ஆயினும் அதனை நடத்திய ஆங்கிலோ-ஈரானியக் கம்பெனி, ஈரானுக்கு ஈந்த பங்கினும் மிகுதியாகப் பிரிட்டனுக்கு வரி செலுத்தியது. 1951இல் எண்ணெய்த் தொழில் நாட்டுடைமையாயிற்று, முஸத்திக் பிரதமரானார். உடனே பிரிட்டன், ஈரானிய எண்ணெயை எவரும் வாங்காவண்ணம் தடுத்தது. வருவாய் வற்றியது. அவரோ இறக்குமதியைச் சுருக்கி, மக்களிடமே கடன் பத்திரம் விற்று, எண்ணெயின்றி ஆட்சி நடத்தத் துணிந்தார். 1952 ஜூலையில் அவர் பதவி விலகியபோது மக்கள் வீதியில் குருதி சிந்தி அவரை மீட்டனர்.

நெருக்கடி முற்றவே நண்பர்கள் பிரிந்தனர். 1953 ஆகஸ்டில், ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் தனித்தனிப் பெட்டிகள் வைத்து வாக்கெடுத்து நாடாளுமன்றத்தைக் கலைக்க முற்பட்டார். மக்களாட்சியின் காவலருக்கு இது அழகன்று. அம்மாதம் 19ஆம் நாள், அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் தூண்டிய புரட்சி அவரை வீழ்த்தியது. மறு ஆண்டே எண்ணெய் அயல்நாட்டுக் கம்பெனிகளின் கூட்டமைப்பிடம் சென்றது. அதில் அமெரிக்கருக்கு நாற்பது விழுக்காடு.

மூன்றாண்டுச் சிறைக்குப்பின் அஹ்மதாபாத் சிற்றூரில் வீட்டுக்காவலிலிருந்து, 1967இல் மறைந்தார். 1952இல் உயிரீந்தோர் அருகே அடக்கம் பெற விரும்பினார், மன்னர் இசையவில்லை. வீட்டின் உணவறையிலேயே அடக்கப்பட்டார்.