பசியில் மாண்ட பயிர் அறிஞர்

எங்கள் ஊர்ப்பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றே சொல்வோம். நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது, எங்கள் காட்டுக் குச்சிக்கிழங்கு முழுவதும் தேமல் நோய் கண்டு, இலை சுருண்டு மஞ்சளாய் நின்றது. ஒரு செடிகூட ஏன் தப்பவில்லை என்று அப்பா கேட்டார். பள்ளி வாசலை மிதியாத அவருக்கு விடை சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. இங்கு வந்து மரபியல் வகுப்பில் நிக்கோலாய் வாவிலோவ் என்ற பெயரைக் கேட்ட பின்பே விளங்கிற்று.

1887-இல் மாஸ்கோவில் பிறந்தவர் வாவிலோவ். அவருடைய தந்தையும் குடியானவர் வீட்டுப் பிள்ளை. துணி வணிகத்தில் உயர்ந்தவர். மகனோ வேளாண்மை பயின்றார். இங்கிலாந்து சென்று பேட்சனிடம் மரபியல் கற்றார். 1917-இல் சராத்தோவ் நகரில் பேராசிரியரானார். 1921-இல் வோல்கா நாட்டைப் பஞ்சம் சூறையாடியது. பஞ்சத்தைப் பயிராலேயே வெல்ல வேண்டுமென்று எண்ணினார் அவர்.

நோயையும் வறட்சியையும் தாங்கும் பண்புகள் எங்கே இருக்கும்? ஒரு பயிர் தோன்றிய தாயகத்தில்தான் அதன் வகைகள் மிகுந்திருக்கும் என்று கணித்தார். 1924-இல் ஆப்கானிஸ்தான், 1927-இல் அபிசீனியா, பின்னர் தென் அமெரிக்கா என்று அலைந்து விதை சேர்த்தார். நம் மரவள்ளிக்குப் பிரேசில், பராகுவே பகுதியைத் தாயகமாகக் குறித்தவரும் அவரே. லெனின்கிராடில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் குவிந்தன.

ஆனால் ஸ்டாலினின் ஆதரவு லைசென்கோவுக்குக் கிடைத்தது. மரபணுவையே மறுத்தவர் அவர். விரைவில் விளைச்சலைப் பெருக்கிக் காட்டுவதாகச் சொன்னவர். 1940 ஆகஸ்டில், விதை தேடிச் சென்ற இடத்திலேயே வாவிலோவ் கைதானார். நாசவேலை, உளவு என்று குற்றம் சாட்டினர். மரண தண்டனை பின்பு இருபதாண்டுச் சிறையாயிற்று. 1943 சனவரி 26-இல், தாம் பாடம் நடத்திய அதே சராத்தோவின் சிறையில், போதிய உணவின்றி மாண்டார். மனைவியும் மகனும் அப்போது அதே நகரில் இருந்தனர். அவர் அங்கிருந்தது அவர்களுக்குத் தெரியாது! 1955-இல் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். யாருக்காக?

அதே போரில் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில், அவருடைய உதவியாளர்கள் பலர் விதை மூட்டைகளின் நடுவே பட்டினியால் இறந்தனர். நெல் சேகரிப்பைக் காத்த இவானோவ் அவர்களில் ஒருவர்.

சென்ற விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். குச்சியை வெட்டி நடுவதால் காடு முழுவதும் ஏறத்தாழ ஒரே செடிதான். ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். குச்சியோடு நோயும் சேர்ந்தே வரும் என்றேன். 1930-களில் ஆப்பிரிக்காவின் அமானி ஆய்வு நிலையத்தில், மரவள்ளியை அதன் காட்டு இனத்தோடு ஒட்டுச் சேர்த்துத் தேமலைத் தாங்கும் செடிகளை உருவாக்கியதையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு, அந்தக் குச்சி நமக்கு எங்கே கிடைக்கும் என்றார் அப்பா. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதிக் கேட்கும்படி எங்கள் விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். கடிதம் எழுதிவிட்டேன்.