'சூப்பர்மேன் 2' படத்தை இன்னும் யாரும் தாண்டலையா? பறந்து காட்டிய கிறிஸ்டோபர் ரீவ் யார்?

சூப்பர்ஹீரோ படங்களில் இரண்டாம் பாகம்னு எடுத்துக்கிட்டா எது பெஸ்ட்? 2008-ல் வந்த 'தி டார்க் நைட்' என்று ஒரு கூட்டம் சொல்லும். 2004-ல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' என்று இன்னொரு கூட்டம் மல்லுக்கு நிற்கும். ரெண்டு தரப்பும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, வயசில் மூத்த ரசிகர் ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கிட்டு இன்னொரு பேரைச் சொல்வார். 1980-ல் வந்த 'சூப்பர்மேன் 2'.

அந்தப் படத்தின் சண்டைக் காட்சிகளை இன்னைக்கு மொபைலில் பார்த்தா சில இடங்களில் சிரிப்பு வரும். ஆனாலும் அது பட்டியலை விட்டு இறங்க மாட்டேங்குது. ஏன்? அதற்கான பதிலில் பாதி, அதில் நடித்த கிறிஸ்டோபர் ரீவின் வாழ்க்கையில் இருக்கு. அவர் இறந்து 20 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

ஒல்லிப் பையனுக்குக் கிடைத்த சூப்பர்மேன்

1952 செப்டம்பர் 25-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர் ரீவ். அப்பா எழுத்தாளர், பேராசிரியர். அம்மா பத்திரிகையாளர். ரீவ் சின்னப் பையனா இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மாவோடு பிரின்ஸ்டன் நகரில் வளர்ந்தார். பள்ளிக்கூட நாட்களிலேயே நாடகப் பித்து பிடித்துக்கொண்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, நியூயார்க்கின் ஜூலியார்ட் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கூடப் படித்தவர் ராபின் வில்லியம்ஸ். அந்த நட்பு கடைசி வரைக்கும் நிலைத்தது.

சூப்பர்மேன் வேடத்துக்குப் பெரிய பெரிய நட்சத்திரங்களின் பெயர்கள் அடிபட்டன. கடைசியில் கிடைத்தது 24 வயதான, வெளியில் யாருக்கும் தெரியாத இந்த நாடக நடிகருக்கு. உயரம் 6 அடி 4 அங்குலம், ஆனா உடம்பு ஒல்லி. உடைக்குள்ளே செயற்கைத் தசை வைத்துத் தைக்கலாம் என்று சொன்னபோது ரீவ் மறுத்துவிட்டார். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் டார்த் வேடர் உடைக்குள் நடித்த டேவிட் ப்ரௌஸ் பயிற்சி கொடுக்க, சில வாரங்களில் நிஜமாகவே உடம்பை ஏற்றினார்.

இங்கே ஒரு சுவையான சம்பவம். மகன் சூப்பர்மேனா நடிக்கப் போறான்னு கேட்டதும் அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பெர்னார்ட் ஷாவின் 'மேன் அண்ட் சூப்பர்மேன்' நாடகத்தில்தான் நடிக்கப் போகிறான் என்று நினைத்துவிட்டாராம். காமிக்ஸ் சூப்பர்மேன் என்பது அப்புறம்தான் அவருக்குப் புரிந்திருக்கிறது.

கண்ணாடி போட்டா யாருக்கும் அடையாளம் தெரியாதா?

சூப்பர்மேன் கதையைக் கிண்டல் பண்றவங்க எல்லாரும் கேட்கிற கேள்வி இது. ரீவ் இதுக்கு உடம்பாலேயே பதில் சொன்னார். கிளார்க் கென்ட்டா வரும்போது தோள் குறுகும், முதுகு வளையும், குரல் மேலே ஏறும், கை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறும். பழைய நகைச்சுவைப் படங்களில் வரும் கேரி கிராண்டைப் பார்த்துப் பிடித்த மாதிரி அது.

1978-ல் வந்த முதல் படத்தில் லோயிஸ் லேன் வீட்டில் ஒரு நொடி வரும். அவள் உள்ளே போயிருக்கிறாள். உண்மையைச் சொல்லிடலாம்னு கிளார்க் கண்ணாடியைக் கழற்றுகிறார். முதுகு நிமிர்கிறது, முகம் மாறுகிறது, ஆளே பெரிசாகிறார். அப்புறம் தைரியம் போய், மறுபடியும் கூனிக் குறுகிவிடுகிறார். கிராபிக்ஸ் எதுவும் இல்லை. சூப்பர்ஹீரோ நடிப்புக்கு ஒரே ஒரு காட்சியை உதாரணமாக் காட்டணும்னா நான் இதைத்தான் காட்டுவேன்.

இரண்டாம் பாகத்தில் நடந்த குளறுபடி

முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் இயக்குநர் ரிச்சர்ட் டோனர் 1977-ல் ஒன்றாகவே எடுக்க ஆரம்பித்தார். நேரமும் பணமும் கைமீறிப் போனதால் இரண்டாம் பாகத்தை நிறுத்திவிட்டு முதல் படத்தை முடித்தார்கள். அப்போதே இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதி எடுத்தாச்சு. முதல் படம் சூப்பர் ஹிட். ஆனா தயாரிப்பாளர்களான சால்கைண்ட்களுக்கும் டோனருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத நிலை. கடைசியில் டோனரைத் தூக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டு வந்தார்கள்.

லெஸ்டர் இயக்குநர் என்று பெயர் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் படத்தில் கணிசமான பகுதி அவர் எடுத்ததாக இருக்க வேண்டும். அதனால் ஏற்கெனவே எடுத்த காட்சிகளையே திரும்ப எடுத்தார்கள். அப்பா வேடத்தில் நடித்த மார்லன் பிராண்டோவின் காட்சிகள் பணப் பிரச்னையால் வெட்டப்பட்டன. வில்லன் ஜீன் ஹேக்மேன் திரும்ப வரவே இல்லை. இத்தனை ஒட்டுப்போட்ட படம் எப்படி ஓடியது? நடுவில் நின்ற ரீவ் இழை அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டார், அதுதான் காரணம்.

அந்த உணவகக் காட்சி

இந்த விவாதத்தின் உயிரே இங்கேதான் இருக்கு. லோயிஸைக் காதலிப்பதற்காக சூப்பர்மேன் தன் சக்தியைத் துறந்து சாதாரண மனிதனாகிறார். ரெண்டு பேரும் சாலையோர உணவகம் ஒன்றுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு லாரி டிரைவர் வம்புக்கு இழுத்து அடிக்கிறான். கீழே விழுந்த கிளார்க் தன் ரத்தத்தைப் பார்க்கிறார். வாழ்க்கையில் முதல்முறையா. வலியை விட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் அதிகம். ஜெனரல் ஸாட் பூமியைப் பிடித்துவிட்டான் என்ற செய்தி அதே நேரம் தொலைக்காட்சியில் ஓடுகிறது. காப்பாற்ற வேண்டியவன் எழுந்து நிற்கவே திணறுகிறான்.

ஸ்பைடர்மேன் 2-ல் பீட்டர் பார்க்கர் சக்தி மங்கி, உடையைக் குப்பையில் வீசிவிட்டு நடப்பாரே, அந்தப் பாதை இங்கிருந்து வருவதுதான். 2012-ல் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்' படத்தில் பேட்மேனின் முதுகு உடைந்து குழிக்குள் கிடப்பதும் அதே வழி. ஹீரோவை இன்னும் பலசாலியாக்குவதற்குப் பதிலாக, அவனிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்ப்பதைப் பெரிய திரையில் முதலில் அழுத்தமாகச் செய்தது சூப்பர்மேன் 2.

அப்போ மிஞ்சவே முடியாத படமா? அப்படிச் சொல்ல எனக்கு மனசில்லை. சக்தி திரும்ப வந்த பிறகு அதே உணவகத்துக்குப் போய் அந்த டிரைவரைப் புரட்டி எடுப்பது அல்பத்தனம். ஒரு முத்தம் கொடுத்து லோயிஸின் நினைவை அழிப்பது அதைவிட மோசம், இன்னைக்குப் பார்த்தா நெருடுகிறது. படமாக மொத்தத்தில் பார்த்தால் டார்க் நைட் கச்சிதமானது, திரைக்கதையில் ஸ்பைடர்மேன் 2 ஒரு படி மேல். ஆனா சக்தி இல்லாமல் நிற்கும் ஒரு ஹீரோவின் முகத்தை ரீவ் காட்டிய மாதிரி அதற்குப் பிறகு வந்தவர்கள் காட்டினார்களா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில்.

1995 மே 27

மூன்றாம், நான்காம் பாகங்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1987-ல் வந்த நான்காம் பாகம் படுதோல்வி. அதே ஆண்டு ரீவ் சிலி நாட்டுக்குப் போனார். பினோசே ஆட்சியில் கொலை மிரட்டலுக்கு ஆளான 77 நடிகர்களுக்கு ஆதரவாக அங்கே மக்கள் முன் நின்றார். அப்போது அவருக்குச் சூப்பர்மேன் உடை கிடையாது.

குதிரை என்றாலே ஒவ்வாமை இருந்தும், 'அன்னா கரீனினா' படத்துக்காகக் குதிரையேற்றம் கற்றுக்கொண்டவர் அவர். அதுவே பிடித்துப்போய்ப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தார். வர்ஜீனியாவில் 1995 மே 27-ம் தேதி நடந்த போட்டியில் குதிரை தடுப்பைத் தாண்டாமல் திடீரென நின்றுவிட, ரீவ் தலைகுப்புற விழுந்தார். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் உடைந்தன. கழுத்துக்குக் கீழே உணர்வு இல்லை, தானாக மூச்சு விடவும் முடியவில்லை. அப்போது வயது 42. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், உடல் செயலிழந்த போலீஸ்காரராக அவர் நடித்த தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பாகியிருந்தது.

இனி எதுக்கு இருக்கணும்னு அவர் யோசித்த நேரம் உண்டு. முடிவு உங்களுடையது, ஆனா என்ன ஆனாலும் நான் கூடவே இருப்பேன் என்று மனைவி டானா சொன்னது அவரைத் திருப்பியது. அறுவை சிகிச்சைக்கு முன்பு ரஷ்ய டாக்டர் வேஷத்தில் அறைக்குள் புகுந்து கலாட்டா செய்தார் ராபின் வில்லியம்ஸ். விபத்துக்குப் பிறகு ரீவ் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

1996-ல் ஆஸ்கர் மேடையில் சக்கர நாற்காலியில் அவர் தோன்றியபோது அரங்கமே எழுந்து நின்றது. அதன் பிறகு படம் இயக்கினார், நடித்தார், முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார், ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்காக அரசியல்வாதிகளிடம் வாதாடினார். எல்லாருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. 2000-ல் வந்த ஒரு விளம்பரத்தில் கணினி உதவியால் அவர் எழுந்து நடப்பதாகக் காட்டினார்கள். பொய்யான நம்பிக்கை கொடுக்கிறார் என்று மாற்றுத்திறனாளிகளே சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. அதே ஆண்டுதான் நிஜத்தில் அவருடைய இடது கை ஆள்காட்டி விரல் அசைந்தது.

2004 அக்டோபர் 10-ம் தேதி ரீவ் காலமானார். வயது 52. நுரையீரல் புற்றுநோயால் டானாவும் 2006 மார்ச்சில் இறந்தபோது, மகன் வில்லுக்கு 13 வயது. இன்று தொலைக்காட்சிச் செய்தியாளராக இருக்கும் வில், 2025-ல் வந்த 'சூப்பர்மேன்' படத்திலும் செய்தியாளராகவே ஒரு சின்னக் காட்சியில் வந்து போகிறார்.

எந்த வெர்ஷனைப் பார்க்கலாம்?

வெட்டப்பட்ட காட்சிகளைத் தேடியெடுத்து, டோனர் நினைத்த வடிவத்துக்கு நெருக்கமாக 2006-ல் 'டோனர் கட்' வெளியானது. அதை ரீவுக்குச் சமர்ப்பித்தார்கள். பிராண்டோவின் காட்சிகள் இதில் திரும்பி வந்துவிட்டன. முதல்முறை பார்ப்பவர்கள் 1980 வெர்ஷனை முதலில் பாருங்கள், அப்புறம் இதைப் பாருங்கள்.

டோனர் கட்டில் ஒரு ஹோட்டல் அறைக் காட்சியைத் தவற விடாதீர்கள். கிளார்க்தான் சூப்பர்மேன் என்று நிரூபிக்க லோயிஸ் துப்பாக்கியால் சுடுவாள். இந்தக் காட்சியை டோனர் எடுத்து முடிக்கவே இல்லை. அதனால் நடிகர் தேர்வுக்காக எடுத்த டெஸ்ட் காட்சிகளை ஒட்டித்தான் அதை உருவாக்கினார்கள். கவனிச்சுப் பார்த்தா ரீவின் உடம்பு மற்ற காட்சிகளில் இருப்பதை விட மெலிந்திருக்கும். வேடம் உறுதியாகாத அந்த நாளில், கேமரா முன்னால் கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்து நிற்கிறார் 24 வயது ரீவ்.