கப்பலில் வந்த டாக்டர் அம்மாள்

1866-ம் ஆண்டு. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம். கப்பல்கள் கடலிலேயே நிற்கும். ஜனங்கள் படகேறிக் கரைக்கு வருவார்கள். அந்த ஆண்டில்தான் மேரி ஷார்லிப் அம்மையார் சென்னைக்கு வந்தார். கணவர் இங்கே வக்கீல்.

இன்று இராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனால் பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள். அன்றோ கோஷாப் பெண்கள் ஆண் டாக்டர் முன் வரமாட்டார்கள். பிரசவத்தில் சிக்கலா? உயிர் போனாலும் போகட்டும் என்று இருந்துவிடுவார்கள்!

மேரிக்கு மனம் பொறுக்கவில்லை. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடன் சேர்ந்த பெண்கள் மூன்றே பேர். பிறகு லண்டனிலும் படித்துத் திரும்பி, 1885-ல் கோஷா ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா ஆஸ்பத்திரி அதுதான்.

உடல்நலம் கெட்டதால் 1887-ல் லண்டன் திரும்பினார்.

1913-ல் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். பையன்களைப் பற்றி அவர் எழுத, பெண்களைப் பற்றி மேரி எழுதினார். பெண் பெரியவளாகும்போது உடம்பு எப்படி மாறுகிறது, எவ்வளவு சாப்பாடும் தூக்கமும் வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். வாய்விட்டுப் பேசவே கூசுகிற சங்கதி! நம் வீடுகளில் இன்றும் கூச்சம் முழுவதும் போய்விட்டதா?

அவர் சொன்ன எல்லாமே சரியென்று கொள்ள வேண்டியதில்லை. கர்ப்பத்தடையை அவர் எதிர்த்தார். ஆனால் பால்வினை நோய்களை ஆராய 1913-ல் ஆங்கில அரசு அமைத்த கமிஷனில் உறுப்பினராகி, ஆண்களோடு சரிசமமாக உட்கார்ந்தார்.

1930-ல் காலமானார். வயது 85.