சைக்கிளில் பார்லிமெண்டுக்கு வந்த தலைவர்

1952-ம் ஆண்டு. டெல்லி பார்லிமெண்டுக்கு உறுப்பினர்கள் காரில் வந்து இறங்குவார்கள். ஒருவர் மட்டும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார். புதிதாகப் பார்த்தால் யாரோ குமாஸ்தா என்றுதான் தோன்றும். அவர்தான் ராஜ்யசபை கம்யூனிஸ்டு கட்சித் தலைவர் பி.சுந்தரய்யா!

அவர் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. நெல்லூர் ஜில்லா அலகானிபாடு கிராமத்தில், 1913-ல், நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். பெயரோடு ஒட்டியிருந்த ரெட்டி என்ற சாதிப் பட்டத்தை விட்டார். 1930-ல் சென்னையில் கல்லூரிப் படிப்பை விட்டு, காந்தியடிகளின் போராட்டத்தில் சேர்ந்து சிறை சென்றார். பின்னர் சொத்தையும் விட்டார்.

தெலுங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டத்தை நடத்திய தலைவர்களில் அவரும் ஒருவர். அதனால் 1948 முதல் போலீசார் வலை வீசித் தேடினார்கள். 4 ஆண்டுகள் தலைமறைவு வாழ்க்கை! அப்படி ஒளிந்து திரிந்தவரைத்தான் சென்னை சட்டசபை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு டெல்லிக்கு அனுப்பினார்கள். அவரோ பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, சைக்கிளில் சபைக்கு வந்தார். டெல்லிக் குளிரில் சைக்கிள் மிதிப்பது லேசான காரியமா?

1955-ல் ஆந்திர சட்டசபை உறுப்பினர் ஆனார். அங்கேயும் சைக்கிள்தான்.