மக்காச்சோள மணிகளில் ஒரு வாழ்க்கை

மழைக்காலத்தில் எங்கள் குன்னம் வட்டாரம் முழுவதும் மக்காச்சோளம்தான். அதன் விலையை மட்டுமே கணக்கிட்டுப் பழகிய பொருளியல் ஆசிரியன் நான். அமெரிக்காவில் 1902-இல் பிறந்த பார்பரா மெக்ளின்டாக் அம்மையாரோ, அதே மணிகளின் நிறப்புள்ளிகளை எண்ணியே வாழ்நாளைக் கழித்தவர்.

மரபணுக்கள் இடம் மாறாதவை என்று அறிவுலகம் நம்பிய காலத்தில், மரபுப்பொருளின் சில துண்டுகள் இடம்விட்டு இடம் தாவுகின்றன என்று 1950-இல் எழுதினார். மறு ஆண்டு அறிஞர் அவையில் விளக்கினார். ஏற்றோர் மிகச் சிலரே. ஆயினும் கார்னகி நிறுவனம் ஊதியம் தந்து அவரைத் தம் போக்கில் ஆராயவிட்டது. நோபல் பரிசு 1983-இல், அவரது 81-ஆம் வயதில் வந்தது.

அவர் மறைந்த 1992-இல்தான் வேறொரு செய்தி வெளியாயிற்று. பெருங்குடல் புற்றுநோயாளி ஒருவரின் உடலில், புற்றைத் தடுக்கும் மரபணுவுக்குள் தாவும் துண்டொன்று புகுந்து அதைச் சிதைத்திருந்தது. மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழப் பாதி இத்தகைய துண்டுகளிலிருந்து வந்ததே. பெரும்பாலானவை உறங்குகின்றன, சில விழித்தெழுந்தால் புற்றுக்கு வழி திறக்கக்கூடும்.

உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆய்வுகளை மதிப்பிட்டவன் நான். அந்த அளவுகோல் அவரை முதல் ஆண்டிலேயே வெளியேற்றியிருக்கும். ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர், விதைக்கும்போதே அறுவடைக் கணக்கைக் கேட்கலாகாது.